ரெண்டு திராட்சை, ஒரு கிளாஸ்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் சுத்திச் சுத்தி வந்துச்சு, விலை கம்மியான பிளெண்ட் ஒயின், அதாவது ரெண்டு மூணு வகைத் திராட்சை ஒயினக் கலந்து செய்றது, ரெட்டும் ஒயிட்டும். எப்படி ருசி பாக்குறது, எதை நம்புறது, எதை நம்பக் கூடாது. அதனால மத்த கேள்விய எல்லாம் ஓரமா வச்சிட்டு இதையே முழுசா எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: பிளெண்ட்னு போட்டிருந்தாலே மிச்சம் மீதிய எல்லாம் ஒண்ணா ஊத்தி அடைச்சதுன்னு என் நண்பர் அடிச்சு சொல்றார். ஒரே திராட்சையில செஞ்சதுதான் ஒசத்தியா சார்?

பதில்: உங்க நண்பர் கிட்ட போர்தோ ரெட் ஒயின் எதுல செய்றாங்கன்னு ஒரு தடவ கேளுங்க. பிரான்ஸ்ல இருக்குற போர்தோவுல உலகமே தலைல வச்சுக் கொண்டாடுற பாட்டில்ல இருந்து சாதாரண பாட்டில் வரைக்கும் பெரும்பாலும் கலவைதான், கேபர்னே சாவின்யோன், மெர்லோ, கேபர்னே ஃபிராங்க், கூடவே கொஞ்சூண்டு பெட்டி வெர்டோன்னு பல திராட்சை வகைங்க சேர்ந்தது. தெற்க ரோன் பள்ளத்தாக்குக்குப் போனா கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர்னு மூணும் சேரும், அங்க ஷாட்டோநெஃப் து பாப்னு ஒரு ஊரு ஒயினுக்கு 13 வகை திராட்சைய அனுமதிச்சிருக்காங்க. ஸ்பெயின்ல ரியோஹா ரெட்டும் பெரும்பாலும் டெம்ப்ரானியோவோட வேற ரெண்டு மூணு சேர்ந்ததுதான். இதெல்லாம் மிச்சம் மீதியாங்க?

ஏன் கலக்குறாங்கன்னா முதல் காரணம் வானம். மெர்லோ சீக்கிரம் துளிர் விட்டு சீக்கிரம் பழுக்கும், கேபர்னே சாவின்யோன் லேட்டு. வசந்தத்துல உறைபனி விழுந்தா மெர்லோ துளிர் கருகிடும், கேபர்னே தப்பிச்சிடும். அறுவடைக்கு முன்னாடி மழை புடிச்சிக்கிட்டா இது உல்டா, மெர்லோ ஏற்கெனவே தொட்டிக்குப் போயிருக்கும், கேபர்னே நனைஞ்சுக்கிட்டு நிக்கும். ரெண்டையும் நட்டு வச்சவன் எந்த வருஷமும் முழுசா மொட்டை ஆக மாட்டான். 1956 பிப்ரவரி குளிர்ல போர்தோவுல கொடிகளே ஏராளமா செத்துப் போச்சு, 2017 ஏப்ரல்லயும் உறைபனி பெரிய அடி அடிச்சுச்சு, அந்த மாதிரி மண்ணுல வாழ்றவனுக்கு ஒரே திராட்சைய நம்பி உக்காருறது எவ்ளோ பயமான விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

ரெண்டாவது காரணம் நம்ம வாய்க்குள்ள நடக்குறது. கேபர்னே முதல்ல கறுப்புப் பழ வாசனையோட வேகமா வரும், கடைசில ஈறுல துவர்ப்பு நிக்கும், ஆனா நடுவுல ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும். மெர்லோவுக்கு அந்த நடுப்பகுதிதான் பலம். கிரெனாஷ் இனிப்பான சிவப்புப் பழ வாசனையும் ஆல்கஹாலும் கொடுக்கும், ஆனா நிறம் வெளிறும், அதுக்கு சிரா வந்து நிறமும் மிளகு வாசனையும் கொடுக்கும், மூர்வெத்ர் எலும்பு மாதிரி உள்ள நின்னு தாங்கும். இதுல தான் விலை கம்மியான பாட்டில் விஷயமே இருக்கு. பிரமாதமான ஒரே தோட்டத்துத் திராட்சைய வாங்க ஒரு சின்ன கம்பெனிக்கு வசதி இல்லன்னாலும், சுமாரான ரெண்டு மூணு ஒயின்ல இருந்து ஒண்ணோட குறைய இன்னொண்ணு மூடுற மாதிரி ஒரு நல்ல ஒயின உருவாக்க முடியும். அதுக்கு வேண்டியது நாக்கும் பொறுமையும். கம்மி விலைல ஒரே திராட்சை பாட்டிலும் பிளெண்ட் பாட்டிலும் பக்கத்துல பக்கத்துல இருந்தா நான் யோசிக்காம பிளெண்ட தான் எடுப்பேன்.

இன்னொண்ணு, ஒரே திராட்சை பேர் போட்டிருக்குறதும் முழுக்க ஒரே திராட்சையா இருக்கணும்னு அவசியம் இல்ல. ஐரோப்பிய ஒன்றியத்துலயும் ஆஸ்திரேலியாவுலயும் 85 சதவீதம் இருந்தா போதும், அமெரிக்காவுல பொதுவா 75 சதவீதமே போதும். உங்க நண்பர் இத்தனை நாளா பிளெண்ட குடிச்சிட்டுத் தான் பிளெண்ட திட்டிக்கிட்டு இருந்திருப்பார்.

கேள்வி: நான் ஒயினுக்குப் புதுசு. எல்லாரும் செர்ரி, வெண்ணிலா, மிளகுன்னு சொல்றாங்க, எனக்கு வெறும் ஒயின் வாசனை தான் வருது. மூக்கு சரியில்லையா?

பதில்: மூக்கு நல்லா தான் இருக்கும்மா. ஒரே ஒரு கிளாஸ மட்டும் வச்சுக்கிட்டு முகர்ந்தா யாருக்கும் ஒண்ணும் பெருசா வராது, ஏன்னா எதோட ஒப்பிடுறதுன்னே மூளைக்குத் தெரியாது. ரெண்டு கிளாஸ் வைங்க, ரெண்டு வேற ஒயின், மாத்தி மாத்தி முகருங்க. "இது அதை விட என்ன"ன்னு மட்டும் கேளுங்க. இது கூட இனிப்பு வாசனையா, அது கூட பச்சை வாசனையா, இதுல மரம் தெரியுதா. பேர் அப்புறமா வரும்.

செய்முறை சிம்பிள். கிளாஸ்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தாதீங்க, மேல இருக்குற காலி இடத்துல தான் வாசனை தங்கும். வாய்ப்பக்கம் குறுகலா இருக்குற கிளாஸ் வேணும், விலை ஒசந்ததா இருக்கணும்னு இல்ல. முதல்ல ஆட்டாம முகருங்க, அப்புறம் கிளாஸ மேசைல வச்சே நாலு சுத்து சுத்திட்டு முகருங்க, ரெண்டுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும். அப்புறம் ஒரு சின்ன வாய், அஞ்சாறு செகண்ட் வாய் முழுக்க உருட்டுங்க, உதட்ட லேசா திறந்து கொஞ்சம் காத்த உள்ள இழுங்க. வாய்க்குப் பின்பக்கமா மூக்குக்குப் போற வழியில தான் பாதி ருசியே தெரியுது, சளி புடிச்சா ஏன் எதுவும் ருசிக்காம போகுதுன்னு நினைச்சுப் பாருங்க.

இப்ப கவனிக்க வேண்டியது மூணே மூணு. புளிப்பு, துவர்ப்பு, கனம். முழுங்கினதுக்கு அப்புறம் வாய் ஓரத்துல எச்சில் ஊறுதா, அது புளிப்பு. எச்சில் வத்திப் போய் ஈறும் கன்னத்து உள்பக்கமும் சொரசொரன்னு ஆகுதா, அது திராட்சைத் தோல், விதைல இருந்து வர்ற டானின்னோட வேலை, அந்த உணர்ச்சிக்கு தமிழ்ல ரொம்ப அழகா துவர்ப்புன்னு தனிப் பேரே இருக்கு. அறுசுவைல ஒண்ணா அத சேத்தாலும் வாய்க்குள்ள அத ஒரு தொடு உணர்ச்சியா தான் நாம உணர்றோம், டானின் போய் எச்சில்ல இருக்குற புரோட்டீனப் புடிச்சுக்குது, வழவழப்பு போயிடுது, அவ்ளோ தான். கனம்னா தண்ணிக்கும் பாலுக்கும் வாய்ல இருக்குற வித்தியாசம் மாதிரி. இந்த மூணையும் பத்து பாட்டில்ல பாத்துட்டீங்கன்னா செர்ரி பிளம் எல்லாம் தானா வரும்.

மிளகு வாசனை வரலன்னா மட்டும் மனசு விட்ராதீங்க. சிரால அந்த வாசனைக்குக் காரணம் ரொட்டண்டோன்னு ஒரு பொருள், ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008ல அதக் கண்டுபுடிச்சு எழுதினப்பவே சோதனைல கலந்துக்கிட்டவங்கள்ல சுமார் 20 சதவீதம் பேருக்கு அது கொஞ்சம் கூட தெரியலன்னும் சொல்லிட்டாங்க. வெண்ணிலா, கிராம்பு மாதிரி வந்தா அது திராட்சை இல்ல, ஒயின வச்சிருக்குற ஓக் மரப் பீப்பாய்ல இருந்து வர்றது. விலை கம்மியான ஒயின்ல பெரும்பாலும் பீப்பாய் இருக்காது, ஓக் மரச் சில்லு இல்லன்னா பலகைய தொட்டிக்குள்ள போடுவாங்க. நல்லா செஞ்சா அதுல எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்ல, ஆனா சில பாட்டில்ல வெண்ணிலா மட்டும் மேல மிதந்துக்கிட்டு பழம் எங்கயோ காணாம போயிருக்கும், அந்த மாதிரி பாட்டில நான் ரெண்டாவது தடவ வாங்குறதில்ல.

கேள்வி: கிளாஸ ஆட்டுனா உள்பக்கமா வழியுற கோடு கோடா இருக்குறது நிறைய இருந்தா நல்ல ஒயின்னு சொல்றாங்களே?

பதில்: இல்ல. அதுக்குக் காரணம் ஆல்கஹால் தண்ணிய விட வேகமா ஆவியாகுறது, 1855லயே ஜேம்ஸ் தாம்சன்னு ஒருத்தர் விளக்கிட்டார். கோடு நிறைய இருந்தா பொதுவா ஆல்கஹால் ஜாஸ்தி, அத லேபிள்லயே பாத்துக்கலாம்.

கேள்வி: பிளெண்ட் பண்ணா என்ன மாறுதுன்னு வீட்டுல நாமளே பாக்க முடியுமா அண்ணா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே நான் இந்த மாசம் காத்துக்கிட்டு இருந்தேன்னு வச்சுக்கோங்க. முடியும், நிச்சயமா பண்ணுங்க, பத்து கட்டுரை படிக்கிறத விட ஒரு சாயங்காலம் இது கத்துக் கொடுக்கும்.

விலை கம்மியான கேபர்னே சாவின்யோன் ஒண்ணு, மெர்லோ ஒண்ணு, ரெண்டும் ஒரே கம்பெனியா இருந்தா நல்லது. மில்லி கோடு போட்ட அளவு கப் ஒண்ணு, மருந்து ஊத்துற சின்ன மூடி இருந்தா கூட போதும். அஞ்சு கிளாஸ், ஒவ்வொண்ணுலயும் மொத்தம் 50 மில்லி. முதல் கிளாஸ்ல வெறும் கேபர்னே, அஞ்சாவதுல வெறும் மெர்லோ, நடுவுல கேபர்னே 45க்கு மெர்லோ 5, அப்புறம் 35க்கு 15, 25க்கு 25. கிளாஸுக்கு அடியில ஒரு வெள்ளைப் பேப்பர் போட்டு அளவ எழுதிடுங்க, ஏன்னா பத்து நிமிஷத்துல எது எதுன்னு குழம்பிடும். கலந்த உடனே ருசி பாக்காதீங்க, ஒரு அரை மணி நேரம் விடுங்க.

நான் முதல் தடவ இதப் பண்ணப்ப வெறும் கேபர்னே வாய்ல ஒரு கதவு மாதிரி இருந்துச்சு, முன்னாடி ஒரு சத்தம், பின்னாடி மேல் ஈறுல சொரசொரப்பு, நடுவுல ஒண்ணுமே இல்ல. 5 மில்லி மெர்லோ சேத்ததுல எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, சரி ஏமாத்து வேலை தான் போலன்னு நினைச்சேன். 15 மில்லி போட்ட கிளாஸ எடுத்தப்ப தான் நிமிர்ந்து உக்காந்தேன். துவர்ப்பு அப்படியே இருக்கு, ஆனா நாக்கு நடுவுல ஏதோ வட்டமா, பிளம் பழம் மாதிரி ஒண்ணு வந்து உக்காந்துருச்சு, கேபர்னேவோட பச்சை குடைமிளகாய் வாசனை ஒரு அடி பின்னாடி போயிடுச்சு. பாதிக்குப் பாதி கிளாஸ் இன்னும் மென்மை, ஆனா கொஞ்ச நேரத்துல மந்தமா போச்சு, ஒரு கூர்மையே இல்ல. அன்னைக்கு 35க்கு 15 தான் எனக்கு நின்னுச்சு, அடுத்த தடவ வேற பாட்டில்ல பண்ணப்ப 25க்கு 25 ஜெயிச்சுது, அதனால என் அளவ அப்படியே எடுத்துக்காதீங்க.

ஒயினரில இதையே தான் பண்றாங்க, 100 மில்லி அளவு குழாய்ல, சில சமயம் ஒரு சதவீதம் ரெண்டு சதவீதம் கூட்டிக் குறைச்சு. வெள்ளைக்குப் பண்ணணும்னா சாவின்யோன் பிளாங்க் 40, செமியோன் 10னு ஆரம்பிங்க.

கேள்வி: ஒயிட்ல பிளெண்ட் இருக்கா? எல்லாரும் ரெட் பத்தியே பேசுறீங்க.

பதில்: இருக்குங்க, அதுவும் கம்மி விலைல எனக்கு ரெட்ட விட ஒயிட் பிளெண்ட் மேல தான் நம்பிக்கை அதிகம். போர்தோ ஒயிட் சாவின்யோன் பிளாங்கும் செமியோனும் சேர்ந்தது, முன்னது எலுமிச்சை, அறுத்த புல்லு மாதிரி கூர்மையா இருக்கும், பின்னது கொஞ்சம் மெழுகு மாதிரி வழவழன்னு கனம் கொடுக்கும், இந்த ஜோடிய ஆஸ்திரேலியாவோட மேற்குப் பக்கத்துலயும் நிறைய செய்றாங்க. போர்ச்சுக்கல்ல வின்யோ வெர்டேன்னு ஒண்ணு, லோரெய்ரோ, அரிண்டோ, ட்ரஜதூரான்னு உள்ளூர் திராட்சைங்க கலந்தது, ஆல்கஹால் பெரும்பாலும் கம்மி, நாக்குல லேசா குத்துற மாதிரி கொஞ்சூண்டு கேஸ் இருக்கும், ருசி பாக்கக் கத்துக்குறவங்களுக்கு புளிப்புன்னா என்னன்னு இத விட நல்லா யாரும் சொல்லித் தர முடியாது.

எனக்கு ரொம்பப் புடிச்சது வியன்னாவோட கெமிஷ்டர் சாட்ஸ். அதுல பாட்டில்ல கலக்குறதில்ல, தோட்டத்துலயே மூணு வகைக்குக் கொறையாம வெள்ளைத் திராட்சைய ஒண்ணா நட்டு, ஒண்ணா பறிச்சு, ஒண்ணா புளிக்க வைக்கிறாங்க, எந்த வகையும் பாதிக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி, 2013ல இருந்து அதுக்குத் தனி அந்தஸ்தே கொடுத்திருக்காங்க.

ஒரு விஷயம் மட்டும் பாத்துக்கோங்க, ரொம்ப ஜில்லுன்னு ஊத்தாதீங்க. ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே ஊத்துனா புளிப்பு மட்டும் தான் நிக்கும், வாசனை வெளிய வராது. 10 டிகிரி பக்கம் சரி. ரெட்டுக்கு இதே தப்பு எதிர்ப்பக்கம், அறை வெப்பநிலைன்னு எழுதியிருக்குறது 16, 18 டிகிரி இருந்த பழைய ஐரோப்பிய வீட்ட வச்சுச் சொன்னது, அத விட சூடா இருந்தா ஆல்கஹால் மூக்குல ஏறும், அதனால கம்மி விலை ரெட்ட ஒரு இருபது நிமிஷம் ஃபிரிட்ஜ்ல வச்சு எடுங்க, ஒயினே மாறிட்ட மாதிரி இருக்கும்.

கேள்வி: என் கொழுந்தனார் விலைய கேக்காம ஒரு வாய் கூட குடிக்க மாட்டார். விலை ஒசந்தது தான் நல்லா இருக்கும்னு அவர் சொல்றது எவ்ளோ உண்மை? உங்கள மேடம்னு கூப்பிடலாமா சார்னு கூப்பிடலாமான்னு தெரியல, ஆனா பதில் சொல்லுங்க.

பதில்: எப்படி வேணா கூப்பிடுங்க. 2008ல வந்த ஒரு ஆய்வு, 6,000க்கு மேல பதிவு, விலை தெரியாம ருசி பாத்தவங்க கொடுத்த மார்க். பயிற்சி இல்லாதவங்க விலை ஒசந்த ஒயின ரொம்ப லேசா கம்மியா தான் ரசிச்சிருந்தாங்க. அதே வருஷம் கலிஃபோர்னியால இன்னொரு ஆய்வு, ஒரே ஒயின ரெண்டு விலை சொல்லிக் கொடுத்து மூளைய ஸ்கேன்ல பாத்தாங்க, ஒசந்த விலைன்னு சொன்னப்ப சந்தோஷம் சம்பந்தப்பட்ட பகுதி நிஜமாவே அதிகமா வேலை செஞ்சுது. அதாவது உங்க கொழுந்தனார் நடிக்கல, அவருக்கு உண்மையாவே அப்படித்தான் ருசிக்குது, விலை ருசிக்குள்ளயே புகுந்துடுது. கண்ணும் அப்படித்தான், 2001ல போர்தோவுல 54 ஒயின் மாணவர்களுக்கு வெள்ளை ஒயின்ல வாசனையில்லாத சிவப்புச் சாயம் போட்டுக் கொடுத்தப்ப சிவப்பு ஒயினுக்குச் சொல்ற வார்த்தைகளாலயே அத வர்ணிச்சாங்க.

அதனால பாட்டில பேப்பர்ல சுத்துங்க, கழுத்து வரைக்கும், மூடியையும் எடுத்து ஒளிச்சிடுங்க. மூணு கிளாஸ் வைங்க, ரெண்டுல ஒரே ஒயின், மூணாவதுல வேற, எது வேறன்னு கேளுங்க. குத்துமதிப்பா சொன்னாலே மூணுல ஒரு தடவ சரியா வரும், அதனால ஒரு தடவையோட நிறுத்தாம நாலஞ்சு தடவ பண்ணுங்க. அவர மட்டம் தட்டுறதுக்காக இதப் பண்ணாதீங்க, நீங்களும் கூட உக்காருங்க, தப்பா சொல்லுறது எல்லாருக்கும் நடக்கும், ஆனா விலை தெரியாம தனக்கு எது புடிக்குதுன்னு அவர் ஒரு தடவ கண்டுக்கிட்டாருன்னா அப்புறம் ஒயின் அவருக்கு வேற மாதிரி ருசிக்கும்.

கேள்வி: லேபிள்ல வெறும் ரெட் பிளெண்ட்னு மட்டும் இருக்கு, திராட்சை பேரே இல்ல. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனா பின்பக்க லேபிள படிங்க. ஆல்கஹால் எவ்ளோ, எந்தப் பகுதி, யார் பாட்டில் பண்ணாங்க. பகுதி எவ்ளோ சின்னதா போட்டிருக்கோ அவ்ளோ நல்லது, ஒரு நாட்டுப் பேர் மட்டும் இருந்தா எங்கெங்கயோ இருந்து வாங்கிச் சேத்ததா இருக்கும். விலை கம்மியான ரெட் பிளெண்ட் சிலதுல வேணும்னே சர்க்கரைய மிச்சம் விடுவாங்க, துவர்ப்பையும் குறையையும் அது மூடும். ஐரோப்பாவுல டிரை, அதாவது இனிப்பில்லாத ஒயின்னு சொல்ல சர்க்கரை லிட்டருக்கு 4 கிராம் வரைக்கும் தான், புளிப்பு தாங்குற அளவு இருந்தா 9 வரைக்கும் விடுவாங்க. முழுங்கின அப்புறம் உதட்ட நக்கிப் பாருங்க, பிசுபிசுன்னு இருந்தா சர்க்கரை. அது புடிச்சிருந்தா குடிங்க, தப்பில்ல, ஆனா அது பழம் நல்லா பழுத்ததால வந்த ருசின்னு நினைச்சுக்காதீங்க.

கேள்வி: ரெட்டையும் ஒயிட்டையும் ஒண்ணா கலந்தா ரோஸேங்குற பிங்க் ஒயின் கிடைக்குமா?

பதில்: நிறம் கிடைக்கும். ஷாம்பெயின்ல ரோஸே செய்ய அப்படிக் கலக்க அனுமதி இருக்கு, ஆனா ஐரோப்பாவுல சாதாரண ரோஸேவ அப்படி செய்ய 2009ல ஒரு யோசனை வந்து, ஒயின் செய்றவங்க கொதிச்சுப் போனதுல அந்த ஜூன்லயே அத கைவிட்டாங்க. வழக்கமா சிவப்புத் திராட்சைத் தோல சாறோட கொஞ்ச நேரம் ஊற வச்சு எடுக்குறது தான் ரோஸே. அதே சமயம் சிவப்போட வெள்ளைத் திராட்சைய சேத்துப் புளிக்க வைக்கிற பழக்கமும் உண்டு, பிரான்ஸ்ல கோட் ரோட்டிங்குற பகுதில சிராவோட வியோன்யேங்குற வெள்ளைத் திராட்சைய 20 சதவீதம் வரைக்கும் சேக்கலாம். இன்னும் ஒண்ணு சொல்றேன், கேபர்னே சாவின்யோனோட அப்பா அம்மா கேபர்னே ஃபிராங்கும் சாவின்யோன் பிளாங்கும்னு 1997ல டிஎன்ஏ சோதனைல தெரிஞ்சுச்சு, இவ்ளோ கறுப்பான திராட்சைக்கு ஒரு பக்கம் வெள்ளை ரத்தம்.

கேள்வி: ரெட் குடிச்சா தலைவலி, சல்ஃபைட்னால தானே? நாலஞ்சு ஒயின் டேஸ்ட் பண்ணா தாங்குமா?

பதில்: சல்ஃபைட்ங்குறது ஒயின் கெடாம இருக்கப் போடுற பொருள், அது மேல பழி போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க, ஐரோப்பாவுல டிரை ரெட்டுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம், டிரை ஒயிட்டுக்கு 200 வரைக்கும் அனுமதி. சல்ஃபைட் தான் காரணம்னா ஒயிட் தான் ஜாஸ்தி வலிக்கணும். 2023ல கலிஃபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் ரெட்ல இருக்குற குவெர்செட்டின்ங்குற பொருள் உடம்பு ஆல்கஹால கரைக்கிறத தடுக்கலாம்னு ஒரு கருத்து முன்வச்சாங்க, ஆளுங்க மேல சோதிச்சு நிரூபிக்கல. ஆஸ்துமா இருக்குறவங்க மட்டும் சல்ஃபைட்ட பத்தி டாக்டர் கிட்ட கேட்டுக்கோங்க.

அளவு விஷயத்துல நான் ஒளிச்சுப் பேச விரும்பல. 13.5 சதவீதம் ஆல்கஹால் உள்ள 750 மில்லி பாட்டில்ல சுமார் 80 கிராம் ஆல்கஹால் இருக்கு. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரில தெளிவா சொல்லிடுச்சு. டேஸ்ட் பண்றவங்க துப்புறது அதனால தான், ஒரு பாத்திரம் பக்கத்துல வைங்க, 30 மில்லி ஊத்துங்க, வாய்ல உருட்டித் துப்புங்க, ருசி எதுவும் குறையாது. துப்புறது அவமரியாதை இல்ல, ஆறாவது கிளாஸ்லயும் நாக்கு நிதானமா இருக்கணும்னா அதான் வழி. துப்புனாலும் வண்டி ஓட்டாதீங்க.

கேள்வி: ஒரு பாட்டில் திறந்தேன், நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை. கம்மி விலைங்கறதாலயா? அப்புறம் மிச்சமானத எப்படி வைக்கிறது?

பதில்: விலைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, கார்க்குல வர்ற டிசிஏங்குற பொருள், லிட்டருக்கு சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும், எவ்ளோ ஒசந்த பாட்டில்லயும் வரும். உடம்புக்குக் கெடுதல் இல்ல, ஆனா பழ வாசனைய அமுக்கிடும், காத்தாட விட்டாலும் சரியாகாது, திருப்பிக் கொடுத்துடுங்க. திருகு மூடி பாட்டில்ல இந்தத் தொல்லை ரொம்ப அபூர்வம், அதனால திருகு மூடிய பாத்து மலிவுன்னு முகம் சுளிக்காதீங்க.

மிச்சத்துக்கு, பாட்டில திறந்த உடனேயே பாதிய ஒரு சின்ன 375 மில்லி பாட்டில்ல கழுத்து வரைக்கும் தளும்பத் தளும்ப ஊத்தி மூடி ஃபிரிட்ஜ்ல வச்சிடுங்க, ரெட்டா இருந்தாலும் ஃபிரிட்ஜ் தான். காத்துக்கு இடமே இல்லாததால நாலஞ்சு நாள் தாங்கும். துவர்ப்பு தூக்கலா இருந்த ரெட் பிளெண்ட் பெரிய பாட்டில்ல மிச்சம் இருந்தா, அதையும் மறுநாள் ஒரு வாய் பாத்துட்டு அப்புறம் கீழ ஊத்துங்க, சில சமயம் முதல் நாள் கடுகடுன்னு இருந்தது அன்னைக்குத் தான் இளகி இருக்கும்.